வேலியோரத்தில் நிற்பவர்: அயல்நாட்டு நாவல்களின்வழி உலகை அறிதல்

அயல்நாட்டு நாவல்களை வாசிப்பதன்வழி உலகை அறியலாம் என்னும் கருத்து நம்மிடையே ஐயமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்றாகும். பள்ளி நூலகச் சுவர்களிலும் வாசிப்பு விழா மேடைகளிலும் அது அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம். ஆயினும், ஒரு நாட்டின் நாவல் அந்நாட்டில் எதனைக் காட்டுகிறது, எதனைக் காட்டாமல் விடுகிறது என்னும் வினா நம் ஆய்வுகளில் போதிய இடம் பெறவில்லை. மொழிபெயர்ப்பு நாவல்களைப் பற்றிய நம் கட்டுரைகள் பெரும்பாலும் கதைச் சுருக்கமும் 'மனித உணர்வுகள் எங்கும் ஒன்றே' என்னும் முடிவுமாக அமைந்துவிடுகின்றன. எங்கும் ஒன்றே எனில், அயல்நாட்டு நாவலை நாடிச் செல்ல வேண்டிய தேவைதான் யாது?

உழவர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட மூன்று நாவல்களை எடுத்துக்கொண்டு அவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. நார்வே நாட்டு நட் ஹாம்சன் 1917இல் வெளியிட்டு, க. நா. சுப்ரமண்யம் 'நிலவளம்' என்னும் பெயரில் தமிழாக்கிய நாவல் ஒன்று. நைஜீரியாவின் சினுவா அச்செபே 1958இல் வெளியிட்டு, என். கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்னும் பெயரில் தமிழாக்கிய நாவல் மற்றொன்று. நம் நாட்டு ஷானோன் அகமட் 1966இல் மலாய் மொழியில் வெளியிட்ட 'ரஞ்சாவ் செப்பாஞ்சாங் ஜாலான்' மூன்றாவது. உழவர் நாவல்களைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது என் சொந்த அறியாமையோடு தொடர்புடையது.

ஒரு நில அளவைச் சொல்

இங்கிலாந்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில், நைஜீரியாவிலிருந்து வந்திருந்த ஆய்வு மாணவர் ஒருவர் எனக்கு நண்பரானார். நான் கெடா மாநிலத்தவன் என்று அறிந்ததும் அவர் மிகுந்த ஆர்வத்தோடு, "ரெலோங் என்றால் எவ்வளவு நிலம்?" என்று வினவினார். ஜேம்ஸ் ஸ்காட் என்னும் அமெரிக்க அறிஞர் 1978 முதல் 1980 வரை கெடாவின் மூடா சமவெளியில் ஒரு சிற்றூரில் தங்கி எழுதி, 1985இல் வெளியிட்ட நூலை அவர் படித்திருந்தார். அச்சிற்றூருக்கு ஸ்காட் 'செடாகா' என்று புனைபெயர் இட்டிருந்தார். நிலக்குத்தகை, அறுவடை இயந்திரங்களின் வருகை, ஏழை உழவர்களின் முணுமுணுப்பு எனப் பலவற்றை நண்பர் விளக்கமாகப் பேசினார். எனக்கோ ரெலோங் என்னும் சொல்லின் பொருள்கூடத் தெரியவில்லை.

தென் கெடாவின் இரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். அலோர் ஸ்டாருக்குப் பேருந்தில் செல்லும்போது குரூணைக் கடந்ததும் பால்மரங்கள் மறைந்து இருபுறமும் வயல் விரியும். அதனை நூறு முறையேனும் கண்டிருப்பேன். பச்சையாக இருந்தது, பின்னர் மஞ்சளாக இருந்தது என்பதற்கு மேல் அவ்வயலைப் பற்றி நான் அறிந்தது எதுவுமில்லை. அன்று மாலையே பல்கலைக்கழக நூலகத்தில் தேடி, ஷானோன் அகமட்டின் நாவலை அடிபா அமின் 1972இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் எடுத்து வாசித்தேன். பதினோராண்டுகள் பள்ளியில் மலாய் மொழி கற்ற ஒருவன், தன் சொந்த மாநிலத்து மலாய் நாவலை, ஆறாயிரம் மைல்களுக்கு அப்பால், ஆங்கிலத்தில் வாசித்தான் என்பதை இங்குப் பதிவுசெய்வதில் எனக்குப் பெருமை ஏதுமில்லை.

ரெலோங் என்பது வட மலேசிய நில அளவை. ஒரு ரெலோங் ஏறத்தாழ 0.71 ஏக்கர் ஆகும்.

உணவிலிருந்து தொடங்குதல்

தொல்காப்பியர் அகத்திணையியலில் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வத்தை அடுத்து உணவை வைக்கிறார். விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பன அதன் பின்னரே வருகின்றன. திணைக் கோட்பாட்டை உலக இலக்கியம் அனைத்தின்மீதும் பொருத்திக் காட்டும் முயற்சிகளில் எனக்கு நாட்டம் இல்லை. நார்வேயின் பனிக்காட்டைக் குறிஞ்சி என்பதா முல்லை என்பதா என்று விவாதிப்பதால் நார்வேயும் விளங்காது, முல்லையும் விளங்காது. எனினும் அவ்வரிசையில் ஒரு வாசிப்பு முறை பொதிந்துள்ளது எனக் கருதுகிறேன். உரிப்பொருளாகிய உணர்வு தனித்து நிற்பதில்லை; அது ஒரு நிலத்தின் உணவிலும் தொழிலிலும் வேரூன்றி நிற்கிறது. ஆகவே, அறியாத நாட்டின் நாவலைக் கையில் எடுக்கும் வாசகர், பாத்திரங்களின் சோகத்தையும் காதலையும் தேடுவதற்கு முன்னர், அவர்கள் எதனை உண்கிறார்கள், அதனை யார் விளைவிக்கிறார்கள் என்று கேட்பது பயன்தரும்.

அச்செபேயின் நாவல் இதற்குச் சிறந்த சான்றாகும். இக்போ மக்களின் உமுவோஃபியா என்னும் ஊரில் பயிர்களின் அரசன் வள்ளிக்கிழங்கு. அஃது ஆண்களின் பயிர். சேம்பு, பயறு, மரவள்ளி ஆகியன பெண்களின் பயிர்கள். ஓர் ஆணின் மதிப்பு அவன் களஞ்சியத்தில் அடுக்கி வைத்திருக்கும் வள்ளிக்கிழங்குகளின் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. நாவலின் தலைவன் ஒக்கொங்வோவுக்குத் தந்தை வழியாக நிலமோ களஞ்சியமோ விதைக்கிழங்கோ கிடைக்கவில்லை. அவன் தந்தை உனோக்கா குழலிசைப்பதில் வல்லவர், உழைப்பில் நாட்டமற்றவர், கடனாளி. எனவே ஒக்கொங்வோ ஊர்ச் செல்வர் நுவாகிபியிடம் சென்று விதைக்கிழங்கு கேட்கிறான். அவர் எண்ணூறு கிழங்குகள் தருகிறார். இவ்வாறு வாரத்திற்குப் பயிரிடுபவனுக்கு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குதான் எஞ்சும். அவ்வாண்டோ மழை பொய்த்தது; பின்னர் ஓயாது பெய்தது. விளைச்சல் அழிந்தது. அவ்வூரில் ஒருவன் தூக்கிட்டு இறந்தான். ஒக்கொங்வோ அவ்வாண்டைப் பிழைத்துக் கடந்தான். அக்கடத்தலே அவன் குணமாக உறைந்தது.

இந்தக் கணக்கு விளங்காதவருக்கு ஒக்கொங்வோ வெறும் முரடன். மனைவியை அடிப்பவன், மகனை வெறுப்பவன் என்ற அளவிலேயே அவன் நின்றுவிடுவான். கணக்கு விளங்கியவருக்கு அவன் நல்லவனாகிவிடுவதில்லை. ஆயினும் அவன் அச்சம் எங்கிருந்து வருகிறது என்பது புலனாகிறது. விதைப்புக்கு முந்திய அமைதி வாரத்தில் அவன் மனைவியை அடித்தபோது ஊர் கொதித்தது. அடித்தமைக்காக மட்டுமன்று, நிலத்தெய்வமாகிய ஆனியின் சினத்தால் ஊர் முழுவதன் விளைச்சலும் கெடும் என்பதற்காக. மண்ணும் ஒழுக்கமும் ஒரே சட்டத்தின்கீழ் இருக்கும் சமூகம் அது. இச்செய்தியை அச்செபே எங்கும் ஓர் ஆசிரியரைப்போல் நின்று விளக்குவதில்லை. விளக்காமல் நடத்திச் செல்வதனால்தான் அந்நாவல் அயல் வாசகருக்குப் பாடநூல் தராத ஒன்றைத் தருகிறது.

இங்கு மொழிபெயர்ப்புச் சிக்கல் ஒன்றைச் சுட்ட வேண்டும். என் முதுகலை வகுப்பில் பயிலும் தமிழாசிரியர்களிடம் இந்நாவலின் பகுதிகளைத் தமிழாக்கச் சொன்னபோது, பயிர்களின் அரசனைச் சிலர் சேனை என்றனர். சிலர் சர்க்கரைவள்ளி என்றனர். சேனை வேறு குடும்பத்துத் தாவரம். சர்க்கரைவள்ளி என்றால் மாலைத் தேநீரோடு உண்ணும் பண்டமே நம் நினைவுக்கு வரும்; அதற்காக ஒருவன் தன் வாழ்வைப் பணயம் வைப்பான் என்று நம்ப இயலாது. கொழுகொம்பில் படரும் பெருவள்ளியே இதற்கு நெருங்கிய சொல். ஆயினும் மலேசியத் தமிழ் இல்லங்களில் பெருவள்ளிக்கு ஓர் அரசனுக்குரிய இடம் ஒருபோதும் இருந்ததில்லை. ஆசிரியை ஒருவர், "ஐயா, கிழங்குன்னு சொன்னாலே நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு ஜப்பான்காரன் காலம்தானே ஞாபகம் வரும்" என்றார். அவர் கூறியது உண்மை. ஜப்பானிய ஆட்சியில் பர்மா அரிசியின் வரவு நின்றபோது தோட்ட மக்கள் மரவள்ளியைத் தின்று உயிர் காத்தனர். என் பாட்டி அதன் பிறகு தம் வாழ்நாள் முழுவதும் மரவள்ளியைத் தொட்டதில்லை. அச்செபேயின் ஊரில் மரவள்ளி பெண்களின் பயிர், மதிப்புக் குறைந்தது. நம் நினைவில் அது பஞ்சத்தின் உணவு. ஒரே கிழங்கு இரு நாடுகளில் இரு வேறு பொருள் பெறுகிறது. அகராதி இதற்கு உதவாது. ஆசிரியர் வகுப்பில் சற்று நேரம் நின்று பேசினாலன்றி இது மாணவரைச் சென்றடையாது.

'நிலவளம்' காட்டாத நிலம்

உள்ளிருந்து எழுதுபவர் அனைத்தையும் காட்டிவிடுவார் என்று கொள்ளுதல் தவறாகும். ஹாம்சனின் நாவல் இதனை எனக்கு உணர்த்தியது.

ஐசக் என்னும் ஒருவன் வட நார்வேயின் ஆளற்ற காட்டுக்குள் தனியே நடந்து செல்கிறான். நீரும் புல்லும் உள்ள ஓரிடத்தில் தங்கிக் குடிசை அமைக்கிறான். ஆடுகள் வாங்குகிறான். பிளந்த உதட்டோடு பிறந்த இங்கர் என்னும் பெண் வந்து அவனோடு வாழ்கிறாள். பின்னர் பசு வருகிறது, குதிரை வருகிறது, குழந்தைகள் பிறக்கின்றன. உருளைக்கிழங்கு அந்நாவலின் பயிர். வறட்சியில் தானியம் பொய்த்தபோதும் அது குடும்பத்தைக் காக்கிறது. அக்கிழங்கின் புகழை ஹாம்சன் ஒரு துதிப்பாடலைப் போலவே எழுதியுள்ளார். தன்னைப் போலவே பிளந்த உதட்டோடு பிறந்த பெண் குழந்தையை இங்கர் கொன்றுவிடுவதும், சிறை சென்று அங்குத் தையலும் நகர வழக்கமும் கற்று மீள்வதும் மறக்கவொண்ணாத பகுதிகள். 1920இல் ஹாம்சனுக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்நாவலே முதன்மைக் காரணமாயிற்று. ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வந்தும் க. நா. சு. மொழிபெயர்ப்பில் மண்ணின் கனம் குறையவில்லை என்பது என் கருத்து.

நான் அதனை முதலில் வாசித்தபோது, தன் கையால் காட்டைத் திருத்திய ஒரு மனிதனின் காவியமாகவே கண்டேன். காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்களின் பேரன் அவ்வாறு வாசிப்பது இயல்பே. இரண்டாம் முறை வாசித்தபோதுதான் வேறொருவர் கண்ணில் பட்டார். ஐசக்கின் நிலத்தோரம் அவ்வப்போது சிலர் வந்து போகின்றனர். தனக்குத் துணையாக ஒரு பெண் வேண்டும் என்னும் செய்தியை ஐசக் அவர்களிடம்தான் முதலில் சொல்லியனுப்புகிறான். பின்னர், கருவுற்றிருந்த இங்கரிடம் இறந்த முயலைக் காட்டி, அதனால் குழந்தையின் உதடு பிளந்தது என்று அவள் நம்பக் காரணமானவனும் அவர்களுள் ஒருவனே. அவர்கள் துருவ மான்களை மேய்க்கும் ஸாமி இனத்தவர். நாவல் அவர்களை அலைந்து திரிபவர்களாக, இரப்பவர்களாக, தீக்குறியாகவே காட்டுகிறது. ஐசக் 'ஆளற்ற' நிலம் என்று கண்டது அம்மக்கள் தலைமுறைகளாக மான்களோடு கடந்து சென்ற நிலம் என்னும் செய்தியை அது எங்கும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவர்களும் வாய்மூடி இருந்தவர்கள் அல்லர். ஹாம்சனின் நாவலுக்கு ஏழு ஆண்டுகள் முன்னரே, 1910இல், யோஹான் தூரி என்னும் ஸாமி வேட்டைக்காரர் தம் மக்களின் வாழ்வைத் தம் மொழியிலேயே எழுதி வெளியிட்டார். அது நாவல் அன்று. மான் மேய்த்தல், மருத்துவம், வேட்டை, குடியேறியவர்களால் மேய்ச்சல் நிலம் சுருங்கியமை ஆகியவற்றைக் கூறும் நூல். ஆட்சியாளர்கள் தம் மக்களின் நிலையை அறியவில்லை. அறிந்தால் மாறுவர் என்னும் நம்பிக்கையில் எழுதப்பட்டது. இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்து வாசிப்பவர் காணும் வடபுலம், ஹாம்சனை மட்டும் வாசிப்பவர் காணும் வடபுலம் அன்று. ஹாம்சன் பிற்காலத்தில் நாசிகளை ஆதரித்ததும், 1943இல் தம் நோபல் பதக்கத்தைக் கோயபல்சுக்கு அளித்ததும் பலரும் அறிந்தவை. அவற்றைக் கொண்டு 'நிலவள'த்தை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. மண்ணை அவ்வளவு அழகாக நேசித்த எழுத்தில், அம்மண்ணில் யாருக்கு இடமில்லை என்பதும் எழுதப்பட்டே இருந்தது என்பதை நம் வாசிப்பு காணாமல் விடக்கூடாது.

ஒரு நாவல் தன் நிலத்தை எவ்வளவுக்கு நெருக்கமாக அறிகிறதோ, அவ்வளவுக்கு அதன் வேலியோரத்தில் நிற்பவரைக் காணாமல் போகும் வாய்ப்பும் மிகுதி. அச்செபே இதனை உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. இரட்டைக் குழந்தைகளைப் பெற்றுக் காட்டில் எறிய நேர்ந்த தாய்மார்களும், ஒதுக்கப்பட்ட ஓசு பிரிவினரும் புதிய தேவாலயத்தை முதலில் நாடுவதை அவர் மறைக்காமல் எழுதினார். நாவலின் இறுதியில் வரும் வெள்ளை மாவட்ட அதிகாரி, ஒக்கொங்வோவின் வாழ்வு தாம் எழுதவிருக்கும் நூலில் ஒரு பத்திக்கு ஆகும் என்று எண்ணுகிறார். நாம் அப்போதுதான் வாசித்து முடித்த நூல் முழுவதும் அவருக்கு ஒரு பத்தி! இருப்பினும் அச்செபேயின் களஞ்சியத்திலும் பெண்களின் பயிர்கள் ஓரத்திலேயே கிடந்தன. 1966இல் ஃபுளோரா நுவாப்பா வெளியிட்ட 'எஃபுரு' நாவலில்தான், வயலுக்குச் செல்ல மறுத்து வணிகம் செய்யும் இக்போப் பெண்ணொருத்தி நடுவே வந்து நின்றாள்.

கெடாவில் இரு நாவல்கள்

இனி, நான் அயல்நாட்டில் வாசித்த என் சொந்த நாட்டு நாவலுக்கு வருகிறேன். 'ரஞ்சாவ்' என்பது பாதையில் மறைத்து நடப்படும் கூரிய முளை. வழிநெடுக ரஞ்சாவ் என்பதே மலாய்த் தலைப்பின் பொருள். ஆங்கிலத் தலைப்போ, அறுவடையாக முள்ளைத் தவிர வேறெதுவும் இல்லை என்னும் பொருளில், பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பெர்ட்டின் கவிதை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அழகிய தலைப்புத்தான். ஆயினும் மலாய்த் தலைப்பில் நடந்து செல்லும் ஒருவன் இருக்கிறான். ஆங்கிலத் தலைப்பில் அவன் இல்லை. இம்மாற்றத்தை நான் கவனித்தது, தாயகம் திரும்பி மூலத்தை வாசித்த பின்னரே.

கதை நடக்கும் பாங்கோல் டெர்டாப், கெடாவின் சீக் வட்டாரத்தில் ஷானோன் பிறந்த ஊரே. லாஹுமா என்னும் உழவர். அவர் மனைவி ஜேஹா. ஏழு பெண் பிள்ளைகள். வாழ்வும் சாவும் இறைவன் கையில் என்னும் எண்ணம் ஒரு பல்லவியைப் போல நாவல் முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. நிலத்தைப் பண்படுத்தும்போது லாஹுமாவின் காலில் நீபோங் என்னும் பனையின முள் தைக்கிறது. கால் வீங்குகிறது, பின்னர் உடல் வீங்குகிறது, இறந்துபோகிறார். ஜேஹாவும் பிள்ளைகளும் நடவைத் தொடர்கின்றனர். நண்டுகள் இளம்பயிரை வெட்டுகின்றன. கதிர் முற்றும் வேளையில் தியாக் எனப்படும் சிறு பறவைகள் கூட்டங்கூட்டமாக இறங்குகின்றன. ஜேஹாவின் மனம் கலங்குகிறது. தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டுக் குணமாகாமல் திரும்பும் அவளை, பெற்ற பிள்ளைகளே அடைத்து வைக்க நேர்கிறது. மூத்தவள் சானா தங்கையரோடு வயலுக்குச் செல்கிறாள்.

'சிதைவுகள்' நாவலில் உனோக்காவும் உடல் வீங்கியே இறக்கிறார். அங்கு அவ்வீக்கம் நிலத்தெய்வத்திற்கு அருவருப்பு. ஆகவே அவர் புதைக்கப்படாமல் தீய காட்டில் விடப்படுகிறார். மகனின் வாழ்நாள் வெட்கம் அங்கிருந்தே தொடங்குகிறது. லாஹுமாவின் வீக்கத்தில் வெட்கம் இல்லை. ஊர் கூடுகிறது, வைத்தியம் பார்க்கிறது, தொழுகிறது. வீங்கிய உடல் இரு நாவல்களிலும் ஒன்றே. அதனைச் சூழ்ந்து நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் இரு நாடுகள் வேறுபடுகின்றன. எனவேதான் 'மனித உணர்வுகள் எங்கும் ஒன்றே' என்னும் தொடரை மாணவர் கட்டுரைகளில் காணும்போதெல்லாம் நான் சிவப்பு மையால் கோடிடுகிறேன்.

ஸ்காட்டின் நூல் இந்நாவலின் பின்கதையைப் போல அமைந்தது. மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970இல் நிறைவுற்று, சமவெளியில் ஆண்டுக்கு இருபோகம் விளையத் தொடங்கியது. அதன்பின் வந்த அறுவடை இயந்திரங்கள் நிலமற்றோரின் கூலியைப் பறித்தன. அவ்வேழைகள் என்ன பேசினர், எவ்வாறு எதிர்த்தனர் என்பதை ஸ்காட் விரிவாக எழுதினார். சமூகவியல் நூல் பலரைப் பற்றிப் பேசும். நாவல் ஒரு குடும்பத்தின் கால் முள்ளைப் பற்றிப் பேசும். நைஜீரிய நண்பருக்கு முதலாவது போதுமானதாக இருந்தது. அவ்வயலைக் கடந்து பேருந்தில் சென்றவனாகிய எனக்கு இரண்டாவதே தேவைப்பட்டது. கம்போடிய இயக்குநர் ரித்தி பான் இந்நாவலைத் தம் நாட்டு மண்ணில் வைத்து 1994இல் திரைப்படமாக்கினார் என்பதையும் குறிப்பிட வேண்டும். கம்போடியர் ஒருவர் தம் கதையாகக் கண்ட நாவலை, அடுத்த ஊர்க்காரர்களாகிய நாம் காணவில்லை.

லாஹுமாவின் உலகில் தமிழர் எவரும் இல்லை. அதனை ஒரு குறையாக நான் கூறவில்லை. அச்சிற்றூரின் எல்லைக்குள் நிற்கும் கதை அது. நம் தோட்ட நாவல்களை எடுத்துப் பார்த்தாலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. அவற்றில் மலாய்க்காரர் காவலராகவோ அலுவலராகவோ வந்து போவார். அவர் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று நாம் எழுதியதில்லை. தோட்டத்து மக்கள் உண்ட அரிசியோ போருக்கு முன் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் மூட்டையாக வந்தது. வயலோடு நமக்கு உறவே ஏற்படவில்லை. ஒரே மாநிலத்தில் இரு பயிர்கள், இரு இலக்கியங்கள், இடையில் ஒரு சாலை.

அச்சாலையோரத்தில் நின்று எழுதியவராகக் கே. எஸ். மணியத்தைக் கருதலாம். கெடாவின் பீடோங்கில் 1942இல் பிறந்து 2020இல் மறைந்த அவர், 1981இல் வெளியிட்ட 'தி ரிட்டர்ன்' என்னும் ஆங்கில நாவலில், தமிழகத்திலிருந்து பிள்ளைகளோடு வந்திறங்கிய பெரியாத்தா என்னும் மூதாட்டியைப் படைத்தார். அவள் தன் கையால் வீடு அமைக்கிறாள். ஆயினும் அந்நிலம் அவளுக்கு உரியதாகவில்லை. சலவைத் தொழிலாளியான அவள் மகன், பிற்காலத்தில் ஆற்றோரம் ஒரு நிலத்தைத் திருத்தி வீடு கட்டி, அதுவும் கைவிட்டுப் போகும் நிலையில் அவ்வீட்டோடு தீயில் மடிகிறான். பேரன் இரவியோ ஆங்கிலப் பள்ளியில் ஆசிரியை நான்சி கூறும் அயல்நாட்டுக் கதைகளில் மயங்கி வளர்ந்து, இங்கிலாந்து சென்று ஆசிரியனாகத் திரும்புகிறான். அயல்நாட்டுக் கதைகள் உலகைத் திறக்கும்போதே வீட்டுக் கதவை மூடவும் கூடும் என்பதை அப்பகுதிகள் காட்டுகின்றன. தமிழில் பேசும் மூதாட்டியை ஆங்கிலத்தில் எழுதிய அந்நாவல் நம் தமிழ்த்துறைப் பாடத்திட்டங்களுக்குள் எளிதில் நுழைவதில்லை. மொழியை எல்லையாகக் கொண்ட துறைகளில் அவ்வாறு நிகழ்வது வியப்பன்று, எனினும் வருந்தத்தக்கது.

லாஹுமாவுக்கு நிலம் இருக்கிறது. அந்நிலம் அவரைத் தின்கிறது. பெரியாத்தாவுக்கு நிலம் வேண்டும், அது கிட்டவில்லை. இவ்விரு நாவல்களையும் சேர்த்து வாசிக்குமாறு சில ஆண்டுகளாக என் மாணவர்களைப் பணித்து வருகிறேன். முதலாவதை மலாய் மூலத்திலேயே வாசிக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. முதல் வாரத்தில் முணுமுணுப்பு எழும். ஷானோனின் மொழியில் வடபுல வழக்குகள் மிகுதி. கோலாலம்பூரில் வளர்ந்த மாணவர் தடுமாறுவர். அப்போது கெடாவிலிருந்தும் பெர்லிசிலிருந்தும் வந்த ஆசிரியர்கள் உதவிக்கு வருவர். நண்டின் பெயரும் புல்லின் பெயரும் அவர்கள் வாயில் இயல்பாக வரும். அதுவரை வகுப்பில் அமைதியாக இருந்தவர்கள் அவர்கள்.

நாவலை ஆங்கிலத்தில் வாசித்து முடித்த அந்த இரவு, நூலகத்திலிருந்து அறைக்குத் திரும்பித் தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். மலேசியாவில் அப்போது விடியற்காலை. பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர். நாவல் வாசிக்கும் பழக்கம் இல்லாதவர். நலம் விசாரித்த பின்னர், "அப்பா, ரெலோங்னா எவ்வளவு நிலம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மி. நம்ம லயத்துக்குப் பின்னால ஓடை தாண்டி ஒரு வயக்காடு இருந்துச்சே, அது மூணு ரெலோங். உங்க தாத்தா வாங்கணும்னு காசு சேத்தாரு."

"வாங்கலையா?"

"அது மலாய் ரிசர்வ் நிலம். நம்ம பேருக்கு மாத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அந்த மலாய்க்காரர் நல்ல மனுசன். ரெண்டு வருசம் தாத்தாவைச் சும்மாவே நடவு நட விட்டாரு. நீ பொறக்கறதுக்கு முந்தி."

தாத்தா நெல் நட்டார் என்னும் செய்தியை எவரும் எனக்குச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தந்தையார் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், அந்த இரண்டு ஆண்டுகளில் வயலில் என்ன விளைந்தது, நண்டுக்கு என்ன செய்தார்கள், குருவி விரட்ட யார் போனார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். தொலைபேசி அட்டையில் பணம் தீரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.